வாசல் மறித்த கேள்வி

காஷோவுக்கு வாய் நீளம் என்பது கீழூரில் எல்லோருக்கும் தெரியும். சாதாரண நாளில் அந்த வாயைத் திட்டாத ஆள் கிடையாது. விதைப்புக்கு முன்னால் வந்த அந்தக் கல்யாணத்தன்று மட்டும் ஊர் மொத்தமும் அதை நம்பிக்கொண்டிருந்தது.

பெண் எடுப்பது மேலூரில். பெண்ணின் பெயர் பல்கி. மாப்பிள்ளை யுலோ, காஷோவின் அக்கா சோனியின் ஒரே மகன். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு கூட்டம் அம்பும் கையுமாகப் போகும். பெண் வீட்டார் வாசலை மறித்து நின்று பாட்டாலேயே கேள்வி கேட்பார்கள். பாட்டாலேயே பதில் சொல்லி, வாசல் வாசலாகக் கடந்து, உள்ளே போய் அம்பின் நுனியைப் பெண்ணின் கழுத்துப்பட்டியில் மாட்டி அழைத்து வர வேண்டும். பொழுது மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் அது நடக்காவிட்டால் கல்யாணம் நின்றது நின்றதுதான். இன்னொன்றும் உண்டு. வாசலில் பாடுகிற பதில் சத்தியத்துக்குச் சமம். குடித்துவிட்டு உளறினேன், பாட்டுக்காகச் சொன்னேன் என்றெல்லாம் பிறகு நழுவ முடியாது. கூட்டத்தை நடத்துகிறவன் தாய்மாமன், அதாவது காஷோ.

கல்யாணம் நின்றால் என்ன, வேறு பெண் கிடைக்காதா என்று நினைக்கலாம். பெண் கிடைப்பாள், தண்ணீர் கிடைக்காது. சிங்கே ஆற்றில் விழுகிற எங்கள் ஓடை முதலில் மேலூரைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வருகிறது. போன விதைப்புக்கு முன்னால் ஏதோ மேய்ச்சல் தகராறில் மேலூர்க்காரர்கள் வாய்க்காலின் தலைவாயைக் கல்லும் புல்கட்டியும் வைத்து அடைத்துவிட்டார்கள். கீழூரில் பார்லி கணுக்கால் உயரத்திலேயே காய்ந்து போனது. ஆப்ரிகாட் மரங்கள் பிஞ்சோடு உதிர்த்தன. ஆடுகளை விற்றுத்தான் ஊர் அந்தக் குளிர்காலத்தைத் தள்ளியது. இன்னொரு வருடம் இப்படிப் போனால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, பல்கி கீழே இறங்குகிற அன்று தண்ணீரும் இறங்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

காஷோ புறப்படும்போது சோனி அவன் தொப்பியில் உலர்ந்த ஆரஞ்சு நிறப் பூக்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். தம்பியை அலங்கரிக்கிறாளா, தலையைக் குத்துகிறாளா என்று சொல்ல முடியாத வேகம்.

"இத பாருடா, அங்க போயி வாய்க்கு வந்ததைப் பேசாத."

"பேசத்தானேக்கா அனுப்புறீங்க."

"பொண்ணோட வந்தா வீட்டுக்கு வா. இல்லேன்னா அப்படியே மலையேறிப் போயிடு. என் மூஞ்சியில முழிக்காத."

"பூவை மட்டுமாவது திருப்பிக் குடுத்துட்டுப் போகவா?"

சோனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. காஷோவும் அதைப் பார்த்தான். அதற்கு மேல் கேலி பேச அவனுக்கும் மனம் வரவில்லை.

கூட்டத்தில் அவனோடு நான்கு பேர். அதில் முக்கியமானவர் பிட்டோ, கீழூரின் தண்ணீர்க்காரர். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று சொல்கிற வேலை அவருடையது. தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீர்க்காரராக இருந்ததில் அவருக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல்.

ஓடைத் திருப்பத்தில் ருத்து சேர்ந்துகொண்டான். அவன் மோன் இனத்தவன். மோன்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் நாலைந்து குடிசைகளில் இருந்தார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் இரண்டு ஊருக்கும் அவர்கள்தான் முரசு அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் பந்தியின் கடைசியில், கதவோரமாக உட்கார வைப்பார்கள். அவர்களுக்கென்று விளிம்பு உடைந்த கிண்ணம் தனியாக இருக்கும். வசந்தத்தில் தலைவாய் திறக்கிற அன்று மட்டும் மரியாதை கொஞ்சம் கூடும். மோன் முரசு அடிக்காமல் யாரும் முதல் கல்லைப் பிடுங்க மாட்டார்கள், விதைப்பின் முதல் கை தானியத்தையும் அந்த முரசின் தோலில்தான் போடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அப்பன் செய்தான், நாமும் செய்கிறோம் என்று விட்டுவிட்டார்கள்.

"என்ன மாமா, பாட்டெல்லாம் தயாரா?" என்றான் ருத்து.

"நீ ஒழுங்கா அடி. நான் மூச்சு வாங்குற நேரத்துல உன் முரசுதான் என் மானத்தைக் காப்பாத்தணும்."

"கள்ளு ஒழுங்கா ஊத்தினா அடியும் ஒழுங்கா விழும். போன தடவை எனக்கு வந்த கிண்ணத்துல ஓட்டை. பாதி முழங்கால்ல ஊத்திக்கிட்டேன்."

பிட்டோ திரும்பி முறைத்தார். உச்சியில் இடிந்து கிடக்கும் கோட்டைச் சுவருக்குக் கீழே வழி வளைந்தது. அதைத் தாண்டினால் மேலூர்.

முதல் வாசல் முற்றத்துச் சுவர். மேலூர்ப் பெண்கள் குறுக்கே யாக் மயிர்க் கயிறு கட்டி, கையில் முள் விளாறோடு நின்றார்கள். அவர்கள் பேச்சு கிழக்கிலிருந்து கூடாரமும் உப்பும் யாக்குமாக வந்த போத் மக்களின் பேச்சு. காஷோவின் ஆட்கள் மேற்கிலிருந்து வந்த மினாரோக்கள், பேச்சும் வேறு. ஆனால் காஷோ வருடா வருடம் ஆப்ரிகாட் கொடுத்து உப்பு வாங்கிய ஆள். இரண்டு பாஷையிலும் அவனுக்கு வசவு உட்பட எல்லாம் தெரியும்.

பெண்கள் எடுத்துவிட்டார்கள்:

"ஆட்டு வாசம் வீசுதே, வாசல்ல நிக்கிறது யாரு?
வழி தவறின மந்தையா, மேய்ப்பன் வித்த ஆடா?"

காஷோ முரசை ஒரு சுற்று ஓடவிட்டுப் பதில் பாடினான்:

"ஆட்டு வாசம் வேணாம்னா மூக்கைப் பொத்தி நின்னிருப்பீங்க,
கயித்துக்கு மேல எட்டி எட்டி யாரைத் தேடுறீங்க?"

அவர்களுக்குள்ளேயே ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தால் தோற்றதாகக் கணக்கு. கயிறு அவிழ்ந்தது.

இரண்டாம் வாசலில் பெண்ணின் அத்தை கள் செம்போடு நின்றாள். செம்பின் விளிம்பில் மங்கலத்துக்காக வெண்ணெய் அப்பியிருந்தது. பின்னால் பிட்டோ மூச்சை இழுத்துப் பிடிப்பது காஷோவுக்குக் கேட்டது. கீழூரில் பசுவின் பாலும் வெண்ணெயும் ஆகாது. எருதை உழவுக்கு வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கன்று குறுக்கே வந்தால்கூடக் கையால் தொடாமல் கவைக்கோலால்தான் தள்ளுவார்கள். குடித்தால் சொந்த ஊரில் தீட்டு, குடிக்காவிட்டால் பெண் வீட்டுக்கு அவமானம்.

இதை எதிர்பார்த்துத்தான் காஷோ வந்திருந்தான். இடுப்பிலிருந்து ஒரு கொம்பை எடுத்தான். உள்ளே ஆட்டு வெண்ணெய். ஒரு விரல் எடுத்து, செம்பின் மறுபக்க விளிம்பில் அப்பினான். பிறகு தான் அப்பிய பக்கத்தில் வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்தான்.

"மாப்பிள்ளை வீட்டு மாமா கெட்டிக்காரர்தான். எங்க பொண்ணுக்கும் இப்படிப் பக்கம் பிரிச்சுத்தான் சோறு போடுவீங்களா?" என்றாள் அத்தை.

"அவ பக்கம் அவ வெண்ணெய், எங்க பக்கம் எங்க வெண்ணெய். நடுவுல இருக்கிற கள்ளு ஒண்ணுதானேம்மா. அதுல சண்டை வராம நான் பாத்துக்கிறேன்."

"நீங்களே குடிச்சுத் தீத்துட்டா சண்டை எப்படி வரும்?"

உள்ளிருந்து ஓர் இளங்குரல் வந்தது. "அத்தை, என் ஸோமோவும் கூட வருதுன்னு சொல்லிடுங்க. அது இல்லாம நான் வரமாட்டேன்."

ஸோமோ என்பது யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கறவை மாடு. பிட்டோவின் முகம் ஆட்டுத்தோல் மாதிரிச் சுருங்கியது. "வரட்டும்மா," என்று உள்ளே பார்த்துச் சொன்னான் காஷோ, "ஓடைக்கு அந்தப் பக்கம் அதுக்குன்னு ஒரு தொழுவம் கட்டிட்டா போச்சு. யுலோவுக்கு வேலை வேணுமே." உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று காஷோவுக்குத் தோன்றியது.

மூன்றாம் வாசல் வீட்டுக் கதவு. அங்கே பெண்ணின் தாய்மாமன் தக்பு நின்றான். இரண்டு நிலைக்காலிலும் கை ஊன்றிக் கதவையே அடைத்துக்கொண்டிருந்தான். தலைவாயை அடைத்த கைகள் அவை. தக்பு அவசரப்படவில்லை. ஊர் முழுக்க முற்றத்தில் கூடும்வரை காத்திருந்தான். ருத்துவைக் கதவோரத்தில் உட்கார வைத்து யாரோ உடைந்த கிண்ணத்தை நீட்டினார்கள். பிறகு தக்பு பாடினான். குரல் நன்றாகத்தான் இருந்தது.

"பனிமலை பாத்திருக்க, பள்ளத்தாக்கு கேட்டிருக்க,
இந்த மண்ணுக்கு முதல்ல வந்தது யாரு? சொல்லிட்டு உள்ள வா."

கேள்வியின் விஷம் எல்லோருக்கும் புரிந்தது. எங்கள் மலையில் ஒரே ஒரு தண்ணீர்ச் சட்டம்தான். முதலில் வந்தவனுக்கே தலைவாய். 'நீங்கள்தான்' என்று காஷோ பாடினால் பெண் வருவாள், இன்றைக்குத் தண்ணீரும் வரும். ஆனால் சத்தியமாகத் தலைவாயை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கு மறுபடி அடைத்தால் ஏன் என்று கேட்க முடியாது. 'நாங்கள்தான்' என்று பாடினால் தக்பு தலையாட்ட மாட்டான், கதவு திறக்காது.

"நாமதான்னு பாடுடா," பிட்டோ பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "நம்ம திருவிழாப் பாட்டுலயே இருக்கு. மேக்கேருந்து ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தோம், ஓடுற வாய்க்கால்ல தண்ணி குடிச்சோம்னு."

"பாடினா பொழுது சாயிற வரைக்கும் இங்கயே நிக்கணும் பெரியப்பா."

"நிப்போம். மானம் போறதுக்குப் பதிலா நின்னே சாகலாம்."

தக்பு சிரித்தான். "என்ன மச்சான், கள்ளு தொண்டையில சிக்கிக்கிச்சா? நேரம் எடுத்துக்க. பொழுதுக்குத்தான் அவசரம், நமக்கென்ன."

நிழல் முற்றத்தின் பாதிவரை வந்துவிட்டது. காஷோவுக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயில் ஒன்றுமே இல்லை. காய்ந்த வாய்க்கால் கரையில் நிற்கும் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. பிட்டோ சொன்ன பாட்டு வரியும் சும்மா தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடுற வாய்க்கால்ல தண்ணி குடிச்சோம். குழந்தையிலிருந்து பாடிய வரிதான். நாம் வந்து குடித்தபோது வாய்க்கால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்றால், அதை வெட்டியது யார்?

கதவோரத்தில் ருத்து கிண்ணத்து ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு, மறுகையால் முரசை இழுத்து மடியில் வைத்தான். வசந்தத்தில் தலைவாயில் அவன் அப்படித்தான் உட்காருவான். அவன் அடிக்கும்வரை இரண்டு ஊரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

காஷோவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. தொப்பியைச் சரி செய்துகொண்டு பாட ஆரம்பித்தான். இந்தத் தடவை கேலியில்லை.

"கடைசியா வந்தவரை முதல்ல சொல்றேன், கேளுங்க.
உப்பும் கூடாரமும் யாக்குமா வந்தது மேலூரு.
அதுக்கு முன்னால ஆடும் பழக்கொட்டையுமா வந்தது கீழூரு.
நாங்க வந்தப்ப வாய்க்கால் ஓடிச்சு, வெட்டினது நாங்க இல்ல.
நீங்க வந்தப்ப உச்சியில கோட்டை இடிஞ்சு கிடந்துச்சு, கட்டினது நீங்க இல்ல.
அந்தக் கோட்டைக்கு நீங்க சொல்ற பேரு என்ன?"

முற்றத்தில் இருந்த பெண்கள் யோசிக்காமல் சொல்லிவிட்டார்கள். "மோன் கோட்டை."

"யார் முரசு அடிச்சா தலைவாய் திறக்குது?
யார் முரசுத் தோல்ல முதல் தானியம் விழுது?
முதல்ல வந்தவன் இதோ உங்க கதவோரம் உக்காந்திருக்கான்,
ஓட்டைக் கிண்ணத்தை விரலால அடைச்சுக்கிட்டு."

எல்லாத் தலையும் ருத்துவின் பக்கம் திரும்பியது. ருத்து பயந்துபோய் விரலை எடுத்தான். கள் முழங்காலில் ஒழுகியது.

பிட்டோதான் முதலில் வாய் திறந்தார். "அடப்பாவி, அவங்க தண்ணியோட நம்ம தண்ணியையும் சேத்துத் தூக்கிக் குடுத்துட்டியேடா."

"நம்மகிட்ட எங்க பெரியப்பா தண்ணி இருந்துச்சு?" என்றான் காஷோ.

வழக்கப்படி பதில் பொய் என்றால் தக்பு அதைவிட நல்ல பதிலைப் பாட வேண்டும். மெய் என்றால் நிலையில் கை தட்டிக் கதவை விட வேண்டும். தக்பு இரண்டும் செய்யாமல் முறைத்தான். "கோட்டைக்கு எவனோ ஒரு பேரு வெச்சான். அதெல்லாம் ஒரு பதிலா?"

அவன் பின்னாலிருந்து பல்கியின் அம்மா முன்னே வந்தாள். தக்புவுக்கு அக்கா. மகளை வழியனுப்ப அழுது வீங்கிய கண்ணோடு, ஆனால் நல்ல கோபத்தோடு வந்தாள்.

"ஏண்டா, அந்தக் கோட்டைக் கல்லுல கை வெச்சு, மோன் கோட்டை சாட்சியான்னு சத்தியம் பண்ணித்தானே அப்பாகிட்ட மேய்ச்சல் பங்கு வாங்கினே? அன்னைக்கு மோன் கோட்டை, இன்னைக்கு எவனோ வெச்ச பேரா? அப்ப உன் மேய்ச்சலும் பொய்யின்னு வெச்சுக்கலாமா?"

"அக்கா, நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதான் பொழுது இவ்வளவு தூரம் வந்திருச்சு. கல்யாணம் நின்ன பொண்ணை நான் வீட்டுல வெச்சுக்கணும், நீ தண்ணியை வெச்சுக்கணுமா? தட்டுடா கையை."

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். ஊர்நடுவில் அக்காவிடம் திட்டு வாங்கியவனுக்கு அதற்கு மேல் என்ன வீராப்பு இருக்கும்? தக்பு நிலையில் கை தட்டினான். தட்டிய வேகத்தில் மண் உதிர்ந்தது. "மெய்," என்றான்.

ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. இப்போது தண்ணீர் ருத்துவுடையது. சத்தியம் சத்தியம்தான்.

ருத்து மெதுவாக எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். அவன் முகத்தில் பயம் போய் ஒரு குறும்பு ஏறியதைக் காஷோ கவனித்தான்.

"அப்ப தண்ணி என்னுதா மாமா?"

"உன்னுதுதான்."

"நிஜமா?"

"வாசல்ல பாடியாச்சு, மெய்யின்னு தட்டியாச்சு. இனிமே நாங்க நினைச்சாலும் மாத்த முடியாது."

ருத்து கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தான். "முதல்ல எனக்கு ஓட்டையில்லாத கிண்ணத்துல கள்ளு குடுங்க."

பல்கியின் அம்மா தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நிதானமாகக் குடித்தான். இரண்டு ஊரும் அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிட்டோவுக்கு அந்த ஒரு கிண்ணம் ஒரு குளிர்காலம் மாதிரி நீண்டிருக்கும்.

"கோட்டைக்குக் கீழ இருக்கிற தரிசு எங்களுக்கு வேணும். எங்க ஆளுங்க பயிர் வெக்கணும்," என்றான் ருத்து. "தண்ணி மேலூருக்கும் போகும், கீழூருக்கும் போகும், எங்க தரிசுக்கும் போகும். முறை எப்படின்னு பிட்டோ பெரியப்பாவும் தக்பு மாமாவும் உக்காந்து பேசட்டும். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது. ஆனா ஒண்ணு. எவன் தலைவாயை அடைக்கிறானோ, அவன் ஊருல கல்யாணத்துக்கும் எங்க முரசு வராது, சாவுக்கும் வராது."

மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முரசில்லாத கல்யாணத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். முரசில்லாமல் பிணம் எடுப்பதை இந்த மலையில் யாராலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தக்புவே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒத்துக்கிறோம்," என்றார் பிட்டோ. ஒரு வருடத்துக்குப் பிறகு ஒருவன் முறை பேச அவரைக் கூப்பிட்டிருக்கிறான், அதுவும் பெரியப்பா என்று.

அதற்குப் பிறகு காஷோ உள்ளே போய் அம்பின் நுனியைப் பல்கியின் கழுத்துப்பட்டியில் மாட்டினான். அழ வேண்டிய நேரத்தில் அவள் கேட்டாள், "மாமா, நெஜமாவே உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, இல்ல அங்க நின்னு யோசிச்சதா?"

"வெளிய சொல்லாத. உன் மாமன் கதவைவிட்டு நகராம நின்னானே, அப்பத்தான் யோசிச்சேன்."

இறங்கும் வழியில் தலைவாயில் எல்லோரும் நின்றார்கள். ருத்து முரசடித்தான். அவன் அவ்வளவு பலமாக அடித்து யாரும் கேட்டதில்லை, மலை திருப்பி அடித்தது. ஒருவரும் சொல்லாமலே தக்பு குனிந்து முதல் கல்லைப் பிடுங்கினான். பிட்டோ அடுத்ததை. பனி உருகிய தண்ணீர் கலங்கலாகப் பொங்கி, காய்ந்த வாய்க்காலுக்குள் தலைதெறிக்க ஓடியது. ஸோமோ மிரண்டு கத்தியது. பிட்டோ கையிலிருந்த கவைக்கோலை நீட்டி, தொடாமல், ஆனால் பொறுமையாகவே அதை வழிக்குத் தள்ளினார்.

கல்யாணக் கூட்டம் நடந்தது, தண்ணீர் ஓடியது. ஓடுகிறதை நடக்கிறது எங்கே பிடிக்க? கோட்டைத் திருப்பம் தாண்டியபோது கீழே ஊர் தெரிந்தது. வாய்க்கால் ஓரமாகப் பெண்கள் தண்ணீரோடு போட்டிபோட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ கூரையில் ஏறிக் கத்தினார்கள். முரசுச் சத்தம் ஊருக்குக் கேட்பதற்கு முன்பே தண்ணீர் போய்ச் சேதி சொல்லிவிட்டது.

சோனி வாய்க்காலுக்குள்ளேயே நின்றிருந்தாள். முழங்கால்வரை தண்ணீர், பாவாடை நனைந்து ஒட்டியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"என்னக்கா, மலையேறிப் போகட்டுமா?" என்றான் காஷோ.

"வாயை மூடிக்கிட்டு உள்ள போயி உக்காருடா," என்றாள் அவள், அழுதுகொண்டே.

உள்ளே பந்தியின் முதல் இடத்தில் புதுக் கம்பளம் விரித்திருந்தது. தாய்மாமனுக்குரிய இடம். காஷோ ருத்துவின் தோளைப் பிடித்து இழுத்துப்போய் அதில் உட்கார வைத்தான். ருத்து கூச்சத்தில் நெளிந்தான். "முரசை எங்க வெக்கிறது மாமா?" என்றான்.

"மடியிலேயே வெச்சுக்க. நாளைக்கு வெதைக்கணும்," என்று சொல்லிவிட்டு, காஷோ அவனுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தான்.